அக்கரையில் உட்கார்ந்தவர்கள்

நீங்கள் நான்கு பேர் சேர்ந்து கடிதம் போட்டிருக்கிறீர்கள். மேடையில் இங்கிலீஷில் பேசுகிறவருக்குப் பக்கத்தில் நின்று அதைத் தமிழில் சொல்லும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களாம். முப்பது வருஷம் அதே வேலை பார்த்தவன் என்பதால் நான் ஏதாவது எழுதித் தரவேண்டுமாம். தொண்டை கட்டாமல் இருக்க என்ன செய்வது, வேகமாகப் பேசுகிறவரை எப்படிப் பிடிப்பது என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். சுக்குத் தண்ணீர் குடியுங்கள். வேகமாகப் பேசுகிறவரின் சட்டையைப் பின்னாலிருந்து இழுங்கள். மற்றதெல்லாம் மூன்று மாதத்தில் தானாக வந்துவிடும்.

தானாக வராத ஒன்று இருக்கிறது. அதை எழுத மூன்று தடவை உட்கார்ந்து மூன்று தடவையும் எழுந்துவிட்டேன். வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கிறேன். "ஏனுங்க, கால்ல சக்கரமா கட்டியிருக்குது? ஒரு எடத்துல உக்காருங்க" என்று என் மனைவி சத்தம் போட்டாள். உட்காருவது பற்றித்தான் எழுதவேண்டும் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? இது நாலாவது தடவை. நடுவில் எழுந்து போனாலும் திரும்பி வந்து முடித்துவிடுவேன்.

முதலில் எங்கள் தொழிலில் உள்ள ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் அதற்கு 'மெழுகுவது' என்று பெயர் வைத்திருந்தேன். பேசுகிறவர் கரடுமுரடாக ஒன்றைச் சொல்வார். நாம் அதன் மேல் சாணி தெளித்து மெழுகி, வழவழப்பாக்கிக் கூட்டத்துக்குக் கொடுப்போம். நான் வேலைக்கு வந்த புதிதில், குடியை ஒழிக்கவேண்டும் என்று பேச ஒரு வெள்ளைக்காரர் கோத்தகிரிக்கு வந்தார். சந்தைத் திடலில் நின்றுகொண்டு, நீங்கள் எல்லோரும் குடிகாரர்கள், உங்களைவிட உங்கள் எருமை மேல் என்று ஏசினார். நான், "உங்க ஒடம்பு நல்லா இருக்கோணும்னு அய்யா ரொம்ப ஆசைப்படறாருங்க" என்றேன். ஜனங்கள் கை தட்டினார்கள். ஏசினால் கை தட்டுகிறார்களே என்று அவருக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது, இன்னும் ஏசினார். இன்னும் கை தட்டினார்கள். அன்றைக்கு இரண்டு பக்கமும் என்னைப் பாராட்டியது. இந்த வேலையின் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில்தான் கெட்டேன்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, உடம்பு தேறுவதற்காக ஓர் அமெரிக்கக் கிழவர் ஊட்டிக்கு வந்து எங்கள் மிஷன் பங்களாவில் தங்கினார். ரயில் ஊட்டிவரை வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பைக்காராவில் மின்சார வேலை எதுவும் தொடங்கவில்லை. கிழவருக்கு எழுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. கையில் ஒரு தடி, கூடவே ஒரு மரப்பெட்டி. பெட்டி நிறையக் கண்ணாடித் தகடுகள். தகட்டைப் படவிளக்குக்குள் சொருகி, பின்னால் மண்ணெண்ணெய்த் திரியை ஏற்றினால் எதிரே கட்டிய வெள்ளை வேட்டியில் படம் விழும். சினிமா இந்த மலைக்கு வராத காலத்தில் அதுதான் எங்களுக்குப் படம்.

அவருடைய படங்கள் எல்லாம் ஒரே கதையைச் சொன்னவை. அவர் குழந்தையாக இருந்தபோது அவர் நாட்டில் நடந்த போர். அந்த நாட்டின் தென்பகுதியில் மனிதர்களைச் சந்தையில் விற்றார்கள், வாங்கினார்கள். வடபகுதியில் அந்த வழக்கம் இல்லை. கடைசியில் ஒரே நாட்டுக்காரர்கள் இரண்டாகப் பிரிந்து நாலு வருஷம் அடித்துக்கொண்டார்கள். கிழவரின் அண்ணன் வடக்குப் படையில் சேர்ந்து போனவர் திரும்பி வரவில்லை. அண்ணன் படமும் ஒரு தகட்டில் இருந்தது. பருத்திக்காடு, ஏலம் விடும் மேடை, தப்பி ஓடுகிறவர்கள், துப்பாக்கி தூக்கிய சிப்பாய்கள், அண்ணன், அறுந்த சங்கிலி, இப்படித்தான் வரிசை. தடியால் தரையில் தட்டினால் நான் அடுத்த தகட்டைச் சொருகவேண்டும். சொருகிவிட்டுச் சொல்லவும் வேண்டும். பள்ளிக்கூடம், கோயில், சந்தை என்று நாற்பது இடம்போல் சுற்றினோம். சங்கிலி அறுந்த படத்துக்கு எல்லா ஊரிலும் கை தட்டினார்கள். கிழவர் மட்டும் ஒருநாளும் திருப்தியாகத் தூங்கப் போகவில்லை. "முக்கியமானதை ஒருவரும் கேட்கமாட்டேன் என்கிறார்கள்" என்று முனகுவார். எது முக்கியம் என்று நான் அவரைக் கேட்டதில்லை.

தை மாதத்தில், பைக்காராவை ஒட்டிய கிளென்மார்கன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். உறைபனி விழுந்து கொழுந்து கருகிப் போயிருந்ததால் ஆட்களுக்கு வேலை குறைவு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம் காட்டினால் நல்லது என்று துரை எழுதியிருந்தார். துரை வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு போட்டார்கள். கிழவர் கை கழுவப் போன நேரத்தில் துரை என் பக்கம் திரும்பினார். "நல்ல விஷயம். எங்கள் நாடு அடிமை வியாபாரத்தை அதற்கு வெகுகாலம் முன்பே ஒழித்துவிட்டது, அதையும் சொல். ஆனால் அந்த ஓடிப்போகிற சமாச்சாரத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள். இங்கே அது வீண் யோசனைகளைக் கிளப்பும்" என்றார். கிழவரிடம் அவர் இதைச் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார். தண்ணீரை நிறுத்த எந்தக் குழாயைத் திருகவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நானும் தலையை ஆட்டினேன்.

படத்துக்கு இருட்டு வேண்டும். பட்டப்பகலில் இருட்டுக்கு எங்கே போவது? ஃபாக்டரியில் கொழுந்து வாட்டும் மேல்மாடியைக் கொடுத்தார்கள். மாடி முழுக்க ஜன்னல். தோட்டத்தில் ஆளுக்கு ஒரு கறுப்புக் கம்பளி கொடுப்பது வழக்கம். மழையோ பனியோ அதைத்தான் தலையில் போட்டுக்கொண்டு வேலை செய்வார்கள். எல்லோரும் அவரவர் கம்பளியைக் கழற்றிக் கொடுத்தார்கள். வரிசையாக ஆணியடித்து ஜன்னல்களை மூடினோம். மாடி முழுக்கக் கம்பளி வாசனையும் தேயிலை வாசனையும்.

ஒரு பெண் இரண்டு கம்பளியோடு வந்தாள். முப்பது வயதிருக்கும். "ஒண்ணை சன்னலுக்கு அடிச்சுக்கங்க அய்யா. இன்னொண்ணு அவருக்கு வேணுமுங்க" என்று பின்னால் கை காட்டினாள். சுவரில் சாய்ந்து ஓர் ஆள் இருமிக்கொண்டிருந்தான். இருமி முடித்ததும் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அவன் ரங்கன், அவள் குருவம்மா, புருஷன் பெண்டாட்டி. சத்தியமங்கலம் பக்கத்து ஜனங்கள். படவிளக்கு அடுப்புமாதிரி சுடும் என்பதால், அவனை அதன் பக்கத்திலேயே உட்காரச் சொன்னேன்.

தோட்டத்துக் கம்பவுண்டர் எனக்குக் கோயில் பழக்கம். ஜன்னலுக்கு ஆணி அடிக்க வந்தவர் காதோடு சொன்னார்.

"வெறும் சளியில்லைங்கண்ணா அது. இன்னும் ரெண்டு மாசம் இந்தப் பனியில கெடந்தா ஆளு தேறமாட்டான். கீழ அனுப்போணும்னு ரெண்டு தடவ எழுதிக் குடுத்துட்டேன். ஒப்பந்தம் முடியட்டும்ங்கறாரு தொரை. இன்னும் நாலு மாசம் கெடக்குது."

"சொல்லாம கெளம்பிப் போயிட்டா?"

"எங்க போறது? வாரண்டு வந்துருமே. போன வருசம் ஓடுன மூணு பேரைக் குன்னூர் எறக்கத்துலயே மடக்கிப் புடிச்சுட்டாங்க. செயிலு, இல்லீன்னா மறுபடி தோட்டம்."

உங்களுக்கு இது புதிதாக இருக்கும். அந்தக் காலத்தில் ஒப்பந்தம் முடியும் முன் ஆள் தோட்டத்தை விட்டுப் போனால் அது குற்றம். போலீஸ் பிடித்து வரும். ஆளை ஓடத் தூண்டினவனுக்கும் தண்டனை உண்டு. அறுந்த சங்கிலிக்குக் கை தட்டிய நாங்கள் எல்லோரும் அந்தச் சட்டத்துக்குள்தான் இருந்தோம். ஆக, படம் தொடங்கும்போதே ரங்கனுக்கு என்ன, குருவம்மாவுக்கு என்ன கவலை என்பது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல வழியில்லை.

படம் தொடங்கியது. துரை முன்னால் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பருத்திக்காடு போனது, ஏல மேடை போனது. ஏல மேடையில் தாயையும் பிள்ளையையும் தனித்தனியாக விற்கும் படத்துக்குப் பெண்கள் 'ச்சூ' கொட்டினார்கள். தடி தட்டியது. அடுத்த தகடு, ஓர் ஆணும் பெண்ணும் முழங்கால் தண்ணீரில் ஆற்றைக் கடக்கிறார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் அடிமைகள் உண்டு, அந்தப் பக்கம் கிடையாது என்று கிழவர் சொன்னார். துரைக்குப் பயந்து அதை ஒரே வரியில் முடித்துவிட்டு, அடுத்த தகட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"ஏனுங்க அய்யா, ஒண்ணு கேக்கோணுமுங்க."

குருவம்மா எழுந்து நின்றாள். தோட்டத்தில் துரை இருக்கும் இடத்தில் ஒரு பெண் எழுந்து கேள்வி கேட்பது நடக்காத காரியம். 

"ஆத்தைத் தாண்டிட்டாங்க, சரிங்க. அக்கரையில இருக்கற போலீசு அவங்களப் புடிச்சு மறுக்கா இக்கரைக்கே குடுத்துராதுங்களா?"

கேள்வியை நான் ஒழுங்காக இங்கிலீஷில் சொன்னேன். அதில் ஒன்றும் மெழுகவில்லை. கிழவர் தடியைச் சுவரில் சாத்திவிட்டு, அவளை நோக்கி இரண்டு அடி நடந்தார். நாற்பது ஊரில் அவர் காத்துக்கொண்டிருந்த கேள்வி அதுதான் என்று அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. என்னை மறந்துவிட்டு, அவளுக்கு இங்கிலீஷ் தெரிந்ததுபோல அவளையே பார்த்துப் பேசினார். நீளமாகப் பேசினார். நடுவில் அவர் குரல் உடைந்தது. முழுப் பதிலையும் பின்னால் சொல்கிறேன்; சாரம் இதுதான். ஆற்றைத் தாண்டினது போதாது. அக்கரைப் போலீஸும் அவர்களைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் இருந்தது. அங்கே நின்றவர்கள் அகப்பட்டார்கள்.

பேசி முடித்து என்னைப் பார்த்திருப்பார். அவர் பார்த்தது எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் துரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துரை காலை இறக்கி இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போலீஸ், சட்டம், பிடித்துக் கொடுப்பது. இந்த மூன்று சொற்களும் என் நாக்கில் நின்றன. சுற்றிலும் வாரண்டுக்குப் பயந்த இருநூறு ஜனம். மெழுகினேன்.

"ஆத்தைத் தாண்டிட்டா அப்புறம் பயமில்லைம்மா. அக்கரையில யாரும் தொடமாட்டாங்க. ஆண்டவர் காப்பாத்திருவாரு."

பின்னாலிருந்து ஒருவன், "அவரு அத்தன நேரம் பேசுனாரு, இத்தன்தானுங்களா?" என்றான். "வெள்ளக்காரப் பேச்சு சுத்தி வளைச்சுத்தான் ஊடு சேரும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். துரையும் மறுபடி கால்மேல் கால் போட்டுக்கொண்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஒன்றை நீங்கள் கவனிக்கவேண்டும். அது வெறும் பயத்தில் சொன்ன பொய் அல்ல. புருஷன் இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஒரு பெண் நடுங்கிக்கொண்டு கேட்கிறாள். அவளுக்கு ஆறுதலாக நாலு வார்த்தை சொன்னால் என்ன என்றும் எனக்குத் தோன்றியது. பயமும் இரக்கமும் சேர்ந்து ஒரே வாக்கியத்தைக் கொடுத்தன. பயம் மட்டும் என்றால் ஒருவேளை நாக்கு கூசியிருக்கும்.

குருவம்மா உட்காரும்போது ரங்கனைத் திரும்பிப் பார்த்தாள். அந்த மலையின் வடக்கு இறக்கத்தில் மோயாறு ஓடுகிறது. அதற்கு அந்தப் பக்கம் மைசூர் ராஜ்யம், வேறு போலீஸ், வேறு சர்க்கார். அது அப்போது என் நினைவுக்கு வரவில்லை என்று எழுத ஆசை. வந்தது. நடக்கவே முடியாதவன் எங்கே போகப்போகிறான் என்று அதை ஒதுக்கிவிட்டு அடுத்த தகட்டைச் சொருகினேன்.

ஒன்பது நாள் கழித்து ஒரு காலையில் கம்பவுண்டர் ஊட்டி மிஷன் பங்களாவுக்கு வந்தார். பனியில் குதிரைவண்டி ஏறி வந்திருந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"குருவம்மாவும் ரங்கனும் ஓடிட்டாங்க. குன்னூர்ப் பக்கம் ஆளு நிக்கும்னு வடக்கால எறங்கியிருக்காங்க. ஒத்தையடிப் பாதையில சிங்காரா போயி, காட்டுக்குள்ள நடந்து, தண்ணி கம்மியா ஓடற எடமாப் பாத்து மோயாத்தைத் தாண்டிட்டாங்க."

"தாண்டிட்டாங்களா? அப்புறம்?"

"அப்புறம் என்ன? தாண்டுன எடத்துலயே உக்காந்துட்டாங்க."

மீதியையும் நின்றபடியே சொன்னார். கரையைத் தொட்ட முதல் ஊரிலேயே, பாதை ஓரத்து மரத்தடியில், எல்லோரும் பார்க்க மூன்று கல்லைக் கூட்டி ராகிக்களி கிண்டியிருக்கிறாள். அவன் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். அவன் தேறட்டும் என்று இரண்டு நாள் அங்கேயே இருந்திருக்கிறார்கள். அந்த வழியாக வந்த ஊர்க்காவல்காரன் யார் எவர் என்று விசாரித்தபோது, பைக்காராப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்துவிட்டோம், சத்தியமங்கலம் போகிறோம் என்று அவளே சொல்லியிருக்கிறாள். மறைக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. ஓடி வந்தவர்களைப் பிடித்துக் கொடுக்க இரண்டு சர்க்காருக்கும் ஏற்பாடு இருந்தது. வாரண்டு வந்தது; மூன்றாம் நாள் வண்டியில் ஏற்றி இங்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

"நாளைக்கு கோர்ட்டுங்கண்ணா. படக்கார அய்யா சொன்னாரு, ஆத்தைத் தாண்டிட்டா யாரும் தொடமாட்டாங்கன்னு, அப்படின்னு எல்லாத்துகிட்டயும் சொல்லிட்டிருக்கா. நீங்க ரெண்டு நாளைக்குக் கோயமுத்தூர் போயிருங்க. உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

மத்தியான ரயிலுக்கு நேரம் இருந்தது. பெட்டியில் துணியை எடுத்து வைத்தேன், வெளியே எடுத்தேன், மறுபடி வைத்தேன். இந்தத் தள்ளாட்டத்தைக் கிழவர் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியை மூடிவிட்டு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. "அவளுக்கு நீ தமிழில் சொன்னதை அப்படியே எனக்கு இங்கிலீஷில் சொல்" என்றார். சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். "இந்தப் போரைப் பற்றி எந்தப் படப் புத்தகத்திலும் இருக்கிறது. நான் சொல்ல வந்தது அந்த ஒரு பதிலைத்தான். அதைக் கேட்க ஒரே ஒருத்தி எழுந்து நின்றாள்" என்றார். பிறகு நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். நான் வெட்கத்தில் செத்தேன். ரயில் ஊதும் சத்தம் கேட்டது; நான் போகவில்லை.

கோர்ட்டில் ரங்கனால் நிற்க முடியவில்லை, தரையில் உட்காரவைத்திருந்தார்கள். குருவம்மா என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "இவருதானுங்க அந்த அய்யா, கேட்டுக்கங்க" என்றாள் மாஜிஸ்திரேட்டிடம். எனக்குச் சாதகமாகப் பேசுகிறோம் என்றே அவள் நினைத்தாள். நான் வந்து ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் நம்பியது கண்ணில் தெரிந்தது. அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் என்னால் நாற்காலியில் இருக்கமுடிவதில்லை.

எனக்கு வழி செய்து கொடுத்தவர் துரை. எழுந்து, "இந்த ஆள் அமெரிக்காவின் பழைய கதை ஒன்றைச் சொன்னார், கூலிகள் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான்" என்றார். என்னைக் காப்பாற்றுவது அவருக்கும் வசதி, அவர் கூட்டிய கூட்டம் அல்லவா? மாஜிஸ்திரேட் தமிழர். என்னைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார்.

"அப்படித்தானா? அவள் தப்பாகப் புரிந்துகொண்டாளா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். வேலை நிலைக்கும், துரைமார் கதவு திறந்தே இருக்கும். இல்லை என்றால், ஆளை ஓடத் தூண்டின குற்றம் என் தலையில் விழலாம். கூட வந்திருந்த கிழவர் பக்கத்தில் தடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தமிழ் அவருக்குப் புரியாது. நான் என்ன சொன்னாலும் அன்றைக்கு அவருக்குத் தெரியப்போவதில்லை. முப்பது வருஷத்தில் நான் யோசித்த நேரத்தில் அதுதான் நீளமானது.

"இல்லைங்க. அவ சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டா. நான்தான் தப்பாச் சொன்னேன். அவ கேட்டதுக்கு இவரு சொன்ன பதிலு வேற, நான் சொன்னது வேற" என்றேன். திரும்பி, அதையே கிழவருக்கு இங்கிலீஷில் சொன்னேன். துரை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குருவம்மா என்னைப் பார்த்தபடியே இருந்தாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கணக்குத் தப்பிப்போனவர்கள் மறுபடி முதலிலிருந்து யோசிப்பார்களே, அப்படி யோசித்துக்கொண்டிருந்தாள்.

மாஜிஸ்திரேட் என்னை எச்சரித்து விட்டுவிட்டார். கம்பவுண்டர் எழுதிக் கொடுத்திருந்ததை வாங்கிப் படித்து, ரங்கனின் ஒப்பந்தத்தை ரத்து செய்து ஊட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். குருவம்மாவுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. சட்டம் அவளை விடவில்லை. மிச்ச நாலு மாதமும் தோட்டத்தில் போய் முடிக்கச் சொன்னார். ஆஸ்பத்திரியில் அவன், பைக்காரா மலையில் அவள்.

நான் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் கேட்டதில்லை. ரங்கன் அந்த இரண்டு நாளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். அக்கரையில் வெயில் நன்றாக அடித்தது என்றான். களி சூடாக இருந்தது என்றான். "ரெண்டு நாளு நல்லாத் தூங்கினேனுங்க அய்யா" என்றான். மாசி பிறந்த மூன்றாம் வாரத்தில் ஒரு காலையில் போனபோது கட்டில் காலியாக இருந்தது. அவன் கம்பளியை மடித்து என் கையில் கொடுத்தார்கள்.

தோட்டத்துக்குள் என்னை விடமாட்டார்கள் என்று தெரியும். எல்லையில், பைக்காரா ரோட்டில் காத்திருந்தேன். கம்பவுண்டர் முன்பே அவளிடம் சொல்லியிருந்தார். கொழுந்தை எடை போட்டு முடித்த பிறகுதான் அவளை விட்டார்கள். அழுது ஓய்ந்த முகத்தோடு கூடையை இறக்கிவிட்டு வந்தாள். கம்பளியை நீட்டினேன். வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பைத் தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதெல்லாம் இருக்கட்டுமுங்க. அன்னைக்கு அந்தப் பெரியவரு நெசமா என்னதானுங்க சொன்னாரு? முழுசாச் சொல்லுங்க."

ரோட்டில் நின்றபடி, ஒரு சொல்லையும் விடாமல், ஒரு சொல்லையும் சேர்க்காமல் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

"இல்லை அம்மா, ஆற்றைத் தாண்டினது போதவில்லை. எங்கள் ஊர் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. எங்கள் ஊரில் அடிமை கிடையாது. ஆனால் ஓடி வந்தவர்களை நாங்களும் பிடித்துக் கொடுக்கவேண்டும் என்று சட்டம். ஒருநாள் ஒருவர் ஈரத்துணியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் அப்பா நல்லவர். பயப்படாதே, இங்கே யாரும் உன்னைத் தொடமாட்டார்கள், உட்கார் என்று சொன்னார். வந்தவர் உட்கார்ந்தார். நான்காம் நாள் எங்கள் ஊர்ப் போலீஸே வந்து விலங்கு மாட்டி அவரைத் திருப்பி அனுப்பியது. அந்த விலங்கைப் பார்த்துத்தான் என் அண்ணன் போருக்குப் போனான். உட்கார் என்று சொன்னேனே, நடந்துகொண்டே இரு என்று சொல்லியிருக்கவேண்டுமே என்று அப்பா சாகும்வரை புலம்பினார். அந்தச் சட்டம் செல்லாத அடுத்த நாட்டு எல்லைவரை நடந்தவர்கள்தான் அம்மா தப்பித்தார்கள்."

அவள் முழுவதையும் கேட்டாள்.  கம்பளியை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்க அய்யா. அவருக்கு ரெண்டு நாளு நடக்கற தெம்பு இருந்துச்சு. தூக்கிட்டாவது போயிருப்பேன். உக்காந்திருக்க மாட்டோம்."

திரும்பித் தோட்டத்துக்குள் நடந்து போனாள்.